அளவும் அளவற்றவனும்

எல்லையற்றவன் என்றும், வாக்குக்கும் மனத்துக்கும் எட்டாதவன் என்றும் எந்த இறைவனை நம் சமயங்கள் ஒரே குரலில் போற்றுகின்றனவோ, அதே இறைவனின் திருவுருவத்தைக் கல்லிலோ செம்பிலோ அமைக்கப் புகும்போது, முகத்துக்கு இத்தனை அங்குலம், கழுத்துக்கு இத்தனை அங்குலம், அங்குலத்துக்கும் உட்பட்ட நுட்பத்துக்கு இத்தனை யவை என்று, மயிரிழையும் பிசகாத கணக்கை நம் சிற்ப சாஸ்திரங்கள் விதித்திருக்கின்றன. பரமாணு எட்டுக் கொண்டது ஒரு தேர்த்துகள் என்று தொடங்கி, மயிர்நுனி, ஈர், பேன், யவை என ஒவ்வொரு படியிலும் எட்டால் பெருக்கிக்கொண்டே வந்து, ஓர் அங்குலத்துக்குள் 2,62,144 பரமாணுக்களைக் காட்டும் அளவுக்கு அந்தக் கணக்கு நுணுக்கமானது. அளக்க முடியாதவனை வணங்குவதற்கு இத்தனை அளவு எதற்கு என்ற வினா, கோயிலுக்குள் சிந்தனையோடு நுழைகிற எவருக்கும் என்றாவது ஒருநாள் எழாமல் இராது.

வினா பழையது. கல்லில் கடவுளைத் தேடுகிறவர்களைக் கடிந்துகொண்ட சித்தர்கள் இதையே வேறு வகையில் கேட்டார்கள். சைவ சித்தாந்திகள் அதற்கு ஆழ்ந்த விடை ஒன்றைச் சொன்னார்கள். இறைவன் அருவமாகவும், உருவமாகவும், இரண்டும் கலந்த அருவுருவமாகவும் நின்று அருளுகிறான். உயிர்களை வினை கொண்டுபோய் உடம்பில் சேர்ப்பதுபோல அவனை ஒரு வடிவத்தில் சேர்ப்பது எதுவும் இல்லை. உயிர்கள்மேல் வைத்த கருணையால் அவனே விரும்பி மேற்கொள்வதாகையால் அவனுடைய திருமேனி அருளாலாகியது என்பது அவர்கள் கோட்பாடு. இந்த விடையை ஏற்றுக்கொண்டாலும், அதற்கு அடுத்த படியில் இன்னொரு வினா நிற்கிறது. திருமேனி அருளாலாகியது என்றால், உளி பிடித்து அதைச் செதுக்குகிற மனிதன் அங்கே யார்? அருளுக்கு முகம் வடிக்கும் தகுதி அவனுக்கு எதனால் வருகிறது? பிறந்த குலத்தாலா, கற்ற கல்வியாலா, அன்றிச் சாதனையாலா? சாஸ்திரம் விதிக்கும் அளவு என்பது அந்தத் தகுதியோடு எவ்வாறு சம்பந்தப்படுகிறது? இதைப் பற்றியே இங்கே சிந்திக்க விரும்புகிறேன்.

நான் வசிக்கும் பொழிச்சலூர் இந்தச் சிந்தனைக்குப் பொருத்தமான இடம். இங்குள்ள சிவாலயத்தில் இறைவனின் திருநாமம் அகத்தீசுவரர், அம்பிகை ஆனந்தவல்லி. தனிச் சந்நிதியில் சனீசுவரர் எழுந்தருளியிருப்பதால் வட திருநள்ளாறு என்ற பெயர் ஊருக்கு வழங்கிவருகிறது. சனிக்கிழமைகளில் எள் தீபம் ஏற்றுவதற்காகத் தாம்பரத்திலிருந்தும் குன்றத்தூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்து நிற்கிறார்கள். எந்த அகத்தியரின் பெயரால் இத்தலத்து ஈசன் அழைக்கப்படுகிறானோ, அந்த அகத்தியர் பெயரிலேயே சகளாதிகாரம் என்ற சிற்ப நூல் ஒன்று வழங்குகிறது. சிவபெருமானின் மூர்த்தங்களை எவ்வளவில், எந்த நிலையில், எந்தக் கருவியோடு அமைக்க வேண்டும் என்பதைச் சொல்லும் நூல் அது. கருவறையில் இருப்பதோ அருவத்துக்கும் உருவத்துக்கும் இடைப்பட்ட லிங்கம்; அவனையே உருவமாக வடிக்கும் முறையைச் சொல்வது அகத்தியர் பெயர் தாங்கிய நூல். நம் வினாவின் இரு பக்கங்களும் இங்கே ஒரே முனிவர் பெயரில் வந்து கூடுகின்றன.

பம்மலைக் கடந்து பல்லாவரம் சென்றால், கல்லுக்கும் மனிதக் கைக்கும் உள்ள உறவின் இரண்டு பழைய சான்றுகள் அங்கே உண்டு. 1863-ஆம் ஆண்டு மே 30 அன்று, புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த இராபர்ட் புருஸ் ஃபூட் பழைய கற்கால மனிதனின் கருவி ஒன்றைப் பல்லாவரத்துச் செம்பூரான் சரளையிலிருந்து கண்டெடுத்தார். இந்தியாவின் தொல்பழங்கால ஆராய்ச்சி அன்றைக்கே தொடங்கியது என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். அக்காலத்துக் கைக்கோடரிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெட்டுவதற்கு ஒரு கூர்முனை மட்டும் போதுமாயிருக்க, அவற்றைச் செய்தவர்கள் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்திருக்குமாறு இரு முகங்களையும் பொறுமையாகச் செதுக்கியிருக்கிறார்கள். எழுத்தும் நூலும் ஆசிரியனும் தோன்றுவதற்கு எத்தனையோ யுகங்களுக்கு முன்பே மனிதக் கை ஒப்பை நாடியிருக்கிறது. ஆகவே அளவு சாஸ்திரம் வந்து நம்மேல் சுமத்திய புறச் சட்டமாக இருக்க முடியாது. நம்முள் முன்பே இருந்ததைச் சாஸ்திரம் ஒழுங்குபடுத்தியது என்பதே சரி.

இரண்டாவது சான்று, பல்லாவரத்துக் குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குடைவரை. இப்போது தர்காவாக வழிபாட்டில் இருக்கும் அந்த இடத்தில், பல்லவ வேந்தன் தன் விருதுப் பெயர்களை வரிசையாகப் பொறித்திருக்கிறான். மண்டகப்பட்டுக் கல்வெட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு ஆலயம் எடுத்ததாகப் பெருமிதம் கொண்ட விசித்திரசித்தன் அவன். ஆனால் கருங்கல்லின்மேல் உளியை வைத்து நாள்தோறும் தட்டியவனின் பெயர் பல்லாவரத்தில் இல்லை. சில நூற்றாண்டுகளுக்குப் பின் தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் பெருந்தச்சனின் பெயர் கல்வெட்டில் ஏறுகிறது. அங்கும் அவன் வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று தன் அரசனின் பெயரைத் தன் பட்டத்தில் தாங்கியவனாகவே நமக்கு அறிமுகமாகிறான். செய்தவன் மறைந்து செய்யப்பட்டது நிற்கிற இந்த மரபை உணர்ந்துகொள்ள, நம் காலத்திலேயே வாழ்ந்த ஒரு ஸ்தபதியின் கல்வியையும் ஆரம்ப காலப் பணியையும் நோக்குவது நல்ல வழி.

1927-ஆம் ஆண்டு காரைக்குடிக்கு அருகிலுள்ள பிள்ளையார்பட்டியில் பிறந்தவர் வை. கணபதி ஸ்தபதி. தந்தையார் வைத்தியநாத ஸ்தபதி. பரம்பரை பரம்பரையாகச் சிற்பத் தொழில் செய்துவந்த விசுவகர்மக் குடும்பம். அவர் பிறந்த ஊரே ஒரு பாடசாலை. அங்குள்ள குடைவரையில் கற்பக விநாயகர் வலம்புரியாக வளைந்த துதிக்கையோடும் இரண்டே கைகளோடும் பாறையிலேயே அமர்ந்திருக்கிறார். பிற்கால லட்சண நூல்கள் விநாயகருக்குப் பெரும்பாலும் நான்கு கைகளை வகுத்திருக்க, அவற்றுக்கு முற்பட்ட அந்த மூர்த்தி வேறொரு மரபைச் சுமந்துகொண்டு நிற்கிறது. லட்சணம் என்பது வானத்திலிருந்து ஒரே நாளில் இறங்கிய முடிந்த முடிபு அல்லவென்றும், அதற்கும் ஒரு சரித்திரம் உண்டென்றும் அந்தக் குன்று தன்னைப் பார்க்கிற சிற்பிக்குச் சொல்லாமல் சொல்கிறது.

சிற்பியர் குடும்பத்துப் பிள்ளைக்குக் கல்வி எங்கே தொடங்குகிறது என்பது கவனிக்கத்தக்கது. தெய்வ உருவத்தில் கைவைக்கும் நாள் அவனுக்கு வெகு தூரத்தில் இருக்கிறது. மழுங்கிய உளியை உலையில் காய்ச்சித் தட்டிக் கூராக்குவது, கல்லைத் தட்டி அதன் நாதத்தைக் கேட்டு ஆண்கல் பெண்கல் என்று இனம் பிரிப்பது, காவி தோய்த்த நூலை இழுத்துக் கல்லின்மேல் நேர்க்கோடு விழச் செய்வது, பெரியவர் செதுக்கி முடித்த பரப்பை நாள்கணக்கில் தேய்ப்பது என்று பிறர் வேலைக்குத் துணையாக நின்றே அவன் வளர்கிறான். இதற்கிடையில் ஒவ்வொரு மூர்த்திக்கும் உரிய தியான சுலோகத்தை அவன் மனப்பாடம் செய்ய வேண்டும். கண்ணை மூடிய நிலையில் அந்த உருவம் அங்க அங்கமாக உள்ளத்தில் எழுந்து நின்ற பிறகே கல்லைத் தொடலாம் என்பது நியதி. உருவம் முதலில் உள்ளே பிரதிஷ்டையாகிறது, பிறகே வெளியே.

இத்தகைய வீட்டில் பிறந்த கணபதி ஸ்தபதியின் வாழ்வில் ஒரு புதுமை நேர்ந்தது. 1947-இல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் தொடங்கிய அழகப்பா கல்லூரியில் சேர்ந்து அவர் கணிதத்தில் பட்டம் பெற்றார். பரம்பரைத் தொழிலாளியின் பிள்ளை பட்டப்படிப்புப் படித்தால் தொழிலை விட்டு உத்தியோகத்துக்குப் போவதே உலக வழக்கமாக இருந்த காலம் அது. அவரோ படித்து முடித்துத் தம் குலத்தொழிலுக்கே திரும்பினார். அறநிலையத் துறையின் கீழ்ப் பழனித் தேவஸ்தானத்தின் ஸ்தபதியாகப் பணியேற்றார். பழனி மலைமேல் நிற்கும் தண்டாயுதபாணித் திருமேனியை நவபாஷாணத்தால் அமைத்தவர் போகர் என்ற சித்தர் என்பது ஐதீகம். சித்தர்களில் ஒரு சாரார் உருவ வழிபாட்டைக் கடிந்திருக்க, அதே சித்தர் மரபைச் சேர்ந்த ஒருவர் அமைத்ததாகப் போற்றப்படும் உருவத்தின் நிழலில் ஒரு கணிதப் பட்டதாரி ஸ்தபதியாகத் தம் வாழ்க்கையைத் தொடங்கியது, நம் வினாவின் நோக்கில் பொருள் பொதிந்த நிகழ்ச்சி. 1960-களின் தொடக்கத்தில், தந்தையார் முதல் தலைவராக இருந்து நடத்திய மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரியின் பொறுப்பை அவர் ஏற்று, 27 ஆண்டுகள் அதை நடத்தினார்.

கணிதம் அவருக்கு என்ன தந்தது என்பதைத் தாளமானம் என்னும் அளவு முறையை அறிந்தவர்கள் எளிதில் ஊகிக்கலாம். ஒரு திருவுருவத்தின் முகநீளம் ஒரு தாளம். அது பன்னிரண்டு அங்குலம் என்பது பொதுக் கணக்கு. சிவன், திருமால் போன்ற மூர்த்திகளுக்கு உத்தம தசதாளம், அதாவது உயரம் 124 கூறு; தேவியர்க்கு மத்திம தசதாளம், 120 கூறு; விநாயகருக்குப் பஞ்சதாளம். இதைக் கேட்கிறவர், ஒரு குறிப்பிட்ட நீளமுள்ள அளவுகோல் ஒன்று சிற்பியிடம் இருக்கும் என்று எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. சாஸ்திரம் அங்குலத்தை மூன்று வகையாகப் பகுக்கிறது. யவையை எட்டால் பெருக்கி வருவது மானாங்குலம். செய்விப்பவன் அல்லது ஆசாரியனின் நடுவிரற் கணுவிலிருந்து பெறுவது மாத்திராங்குலம். செய்யப்போகும் திருமேனியின் உயரத்தையே 124-ஆகவோ 120-ஆகவோ பகுத்துப் பெறுவது தேகலப்தாங்குலம். படிமத்தின் உறுப்புகளை அளக்க உரியது இந்த மூன்றாவது அங்குலமே.

சுவாமிமலையில் செப்புத் திருமேனி வார்க்கும் ஸ்தபதிகளின் பட்டறையில் இதைக் கண்ணாரக் காணலாம். மெழுகில் உருவம் பிடிப்பதற்கு முன், தென்னங்கீற்றிலிருந்து ஓர் ஓலையை நறுக்கி, செய்யப்போகும் திருமேனியின் உயரத்துக்குச் சரியாக வெட்டிக்கொள்கிறார் ஸ்தபதி. பிறகு அந்த ஓலையைத் தாளக் கணக்கின்படி மடித்து மடித்துக் கூறாக்குகிறார். ஒரு கூறு முகம், அதற்குச் சமமானது மார்பு வரையுள்ள பகுதி, இன்னொன்று உந்தி வரை என்று மடிப்புகளே அவருக்குச் சொல்கின்றன. இதற்கு ஒடியோலை என்று பெயர். எண்கள் பொறித்த கோல் அங்கே தேவைப்படுவதில்லை. சாண் உயரத் திருமேனிக்கு ஓர் ஓலை. ஆளுயரத் திருமேனிக்கு வேறோர் ஓலை. ஆனால் இரண்டிலும் மடிப்பின் விகிதம் ஒன்று. வேலை முடிந்தால் அந்த ஓலைக்கு வேறு எங்கும் பயனில்லை. ஒரு திருமேனியின் அளவு அதற்கு மட்டுமே உரியது.

முதற்கண் எழுந்த வினாவுக்கு விடையின் பாதி இந்த ஓலையின் மடிப்பில் இருக்கிறது. அளவு என்ற உடனே நாம் பருமனை எண்ணிவிடுகிறோம். இவ்வளவு நீளம், இவ்வளவு எடை என்று ஒரு பொருளை வெளியிலிருந்து வளைத்துக் கட்டும் வேலியாக அதைக் கருதுகிறோம். அந்தப் பொருளில் கொண்டால் இறைவனுக்கு அளவு சொல்வது அபசாரமே. தாளமானமோ பருமனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நெற்றிக்கும் நாசிக்கும், தோளுக்கும் இடைக்கும், அங்கத்துக்கும் அங்கிக்கும் உள்ள உறவை மட்டுமே அது சொல்கிறது. உறவுக்கு எல்லை கிடையாது. கடுகளவிலும் மலையளவிலும் அது தன் தன்மை மாறாமல் நிற்கும். எனவே எல்லையற்ற ஒன்றை எல்லைக்குள் அடக்காமல் கண்ணுக்குக் காட்டத்தக்க மொழி உலகில் ஒன்று உண்டென்றால் அது விகிதத்தின் மொழிதான். கணிதம் பயின்ற ஒரு ஸ்தபதிக்குத் தம் பாட்டனார் கைப்பழக்கமாகச் செய்தது ஏன் உண்மையாயிற்று என்பது இங்கே அறிவாலும் விளங்கியிருக்கும். பரம்பரை தந்ததைக் கல்லூரி மறுக்காமல் ஒளியூட்டியது.

மேலைநாட்டிலும் இதை ஒத்த ஒரு தேடல் நிகழ்ந்தது. கடிகார உறைகளில் சித்திரம் பொறிக்கும் தொழிலைச் சுவிட்சர்லாந்தின் லா ஷோ-து-ஃபோன் நகரத்துக் கலைப்பள்ளியில் பயின்று, கட்டடக்கலைப் பட்டம் எதுவும் பெறாமலே அத்துறையின் பெரிய ஆசானாக உயர்ந்த லெ கொர்பூசியே, 1.83 மீட்டர் உயரமுள்ள மனிதன் ஒருவனின் உடம்பை ஆதாரமாகக்கொண்டு மாடுலர் என்ற அளவு முறையை வகுத்தார். மனிதன் வாழும் வீட்டுக்கு மனித உடம்பே அளவாதல் நியாயம். ஆயினும் அங்கே ஒரு குறிப்பிட்ட உயரம் எல்லாக் கட்டடத்துக்கும் முதலாக நின்றது. நம் ஸ்தபதியோ ஒவ்வொரு முறையும் அளவைப் புதிதாக, செய்யப்படும் பொருளிடமிருந்தே கேட்டுப் பெறுகிறான். என் விரல், என் கை, என் ரசனை என்பவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு, திருமேனியே தன் அளவைத் தனக்குச் சொல்லுமாறு அவன் விட்டுக்கொடுக்கிறான். விடையின் மறுபாதி இது. தாளமானத்தால் கட்டுப்படுகிறவன் இறைவன் என்று எண்ணுவது பிழை; கட்டுப்படுகிறது செய்பவனின் அகங்காரம். மூக்கை இன்னும் கொஞ்சம் நீட்டினால் எனக்கு அழகாகத் தோன்றுகிறதே என்ற ஆசையைத் தினந்தோறும் பலியிட்டுப் பலியிட்டே அவன் ஸ்தபதியாகிறான். யோகிக்குப் பிராணாயாமம் எதுவோ அது சிற்பிக்கு அளவு.

இந்தத் துறவின் உச்சம் கண் திறத்தல் என்னும் சடங்கில் வெளிப்படுகிறது. உருவம் முழுவதும் நிறைவேறி, விழிகள் மட்டும் எஞ்சியிருக்கும். நயனோன்மீலனம் என்று ஆகமங்கள் சொல்லும் அந்தச் சடங்கில், பொன்னூசியால் விழியின் கோடுகள் திறக்கப்படுகின்றன. அதன் பின் பிரதிஷ்டை நடக்கிறது. ஸ்தபதிக்கு வஸ்திரமும் சம்பாவனையும் அளித்து மரியாதை செய்து விடை கொடுக்கிறார்கள். அந்தக் கணம்வரை தன் மடிமேல் வைத்துச் செதுக்கிய திருமுகத்தை, அதன் பிறகு அவன் தொட இயலாது. மற்ற அடியார்களோடு வெளியே நின்று கும்பிடுகிறான். தன் படைப்புக்குத் தானே பக்தனாகிற இத்தகைய முடிவு வேறு எந்தக் கலைஞனுக்கு வாய்க்கிறது என்று எண்ணி நாம் வியக்கலாம்.

ஆனால் வியப்போடு நின்றுவிடுவது நேர்மையாகாது. வெளியே நிற்கும் அந்த நிலையில் ஒரு சமூகப் புண்ணும் கலந்திருக்கிறது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். செய்தவனின் ஸ்பரிசத்தையே தீட்டாக எண்ணிச் சுத்தி செய்யும் மனோபாவம் ஒன்று நம் வழக்கங்களில் புகுந்திருக்கிறது. பல தலைமுறைகளாகச் சிற்பியின் பெயர் மறைந்ததற்கு அவனது துறவு மட்டும் காரணமன்று, அதைப் பொறிக்க மறுத்தவர்களின் அலட்சியமும் காரணம். தானே விரும்பித் தன்னை மறைத்துக்கொள்வது தவம். பிறர் வலிந்து ஒருவனை மறைப்பது அநீதி. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றுவதாலேயே இரண்டையும் பிரித்தறிவது நம் கடமையாகிறது. தவத்தைப் போற்றுகிறோம் என்ற பெயரில் அநீதிக்குத் திரையிடுகிறவன் சமயத்துக்கு நன்மை செய்கிறவன் ஆகமாட்டான்.

பிறப்பைப் பற்றிய வினாவும் இதனோடு பிணைந்ததே. மேலே சொன்ன மாமல்லபுரம் சிற்பக் கல்லூரி 1957-ஆம் ஆண்டில் அரசு சிற்பப் பள்ளியாகத் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைத் துறையும் தொடங்கியது. ஓரிடத்தில் ஆகமமும் தாளமும், மற்றோரிடத்தில் நவீனக் கட்டடக் கலை. மாமல்லபுரத்தில் அதுவரை தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் சென்ற வித்தை, விண்ணப்பித்துச் சேரும் எந்த மாணவனுக்கும் மாணவிக்கும் உரியதாயிற்று. கோயிற் கட்டடக் கலை, கற்சிற்பம், சுதைச் சிற்பம், மரச் சிற்பம், உலோகப் படிமம், மரபு ஓவியம் என்று பிரிவுகள் வகுத்துப் பயிற்றுவித்தார்கள். பாடம் சொல்ல அரசினரின் அறைகள் இருந்தன. ஆயினும் மேலான ஆசிரியர்கள் வெளியே பாறைகளாக நின்றார்கள். வலையன்குட்டை ரதத்திலும் பிடாரி ரதங்களிலும், முற்றுப்பெறாத குடைவரைகளிலும், பல்லவச் சிற்பிகள் பாறை முகத்தைச் சதுரம் சதுரமாகக் கோடிட்டுப் பிளந்து, கட்டங்களைத் தட்டியெடுத்துக்கொண்டே உள்ளே சென்ற தடயம் இன்றும் பளிச்சென்று தெரிகிறது. முடிந்த கோயில் பக்தியைக் கற்பிக்கும்; முடியாத கோயில் தொழிலைக் கற்பிக்கும்.

சிற்பியர் குலத்தில் பிறந்த கணபதி ஸ்தபதியே அந்தக் கல்லூரியின் தலைமையில் அமர்ந்து, குலத்தில் பிறவாதவர்க்கும் அந்த வித்தையைக் கற்பித்ததும், 1978-இல் சிற்பச் செந்நூல் என்ற பெயரில் அதைத் தமிழ் நூலாகவே எழுதி வெளியிட்டதும், நம் வினாவுக்கு அவர் செயலால் அளித்த விடை. பரம்பரை ஒருவனுக்குக் கையையும் காதையும் சிறுவயதிலேயே பழக்கித் தருகிறது. அது பெரிய பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் தகுதி அதனால் மட்டும் நிறைவதில்லை. தகுதியின் உயிர் தன்னை ஒழிக்கும் பயிற்சி என்று மேலே கண்டோம். அந்தப் பயிற்சிக்குப் பிறப்பு ஒரு தடையும் அன்று, ஓர் உத்தரவாதமும் அன்று. மயன் மரபைப் பற்றியும் அமெரிக்க மாயர்களோடு அதற்குள்ள தொடர்பைப் பற்றியும் பிற்காலத்தில் அவர் கொண்ட முடிவுகளை எல்லாம் சரித்திர ஆராய்ச்சியாளர் ஏற்க வேண்டும் என்பதில்லை. ஆனால் மறைத்துவைத்த வித்தையைத் திறந்துவைத்த அந்தச் செயலின் தர்மத்தை எவரும் ஏற்காமல் இருக்க முடியாது.

அளவுக்கு அடங்குகிறவன் புதிதாக எதையும் சிந்திக்க இயலாதவனாகிவிடுவானோ என்ற ஐயமும் எழலாம். இதற்கும் அவர் வாழ்க்கையிலேயே சமாதானம் இருக்கிறது. சென்னையில் 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டத்துக்குத் திருவாரூர்த் தேரை மனத்தில் கொண்டு கற்றேர் அமைத்தார். கன்னியாகுமரியில் கடல் நடுவே பாறைமேல் திருவள்ளுவருக்குச் சிலை எடுக்கும் பணி வந்தபோதோ, எந்த ஆகமமும் அவருக்குத் துணை வரவில்லை. வள்ளுவர் தேவரும் அல்லர், அரசரும் அல்லர். அவருக்குத் தியான சுலோகம் இல்லை. தாளம் வகுத்தார் இல்லை. அங்கே ஸ்தபதி என்ன செய்தார்? குறளையே அளவாகக் கொண்டார். அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு ஈடாகப் பீடம் 38 அடி. பொருளும் இன்பமும் சேர்ந்த 95 அதிகாரங்களுக்கு ஈடாகத் திருவுருவம் 95 அடி. ஆக 133 அடி. அறத்தின்மேல் நின்றால் அல்லவா பொருளும் இன்பமும் நிற்கும் என்ற நூலின் கருத்தே அங்கே அஸ்திவாரமும் உருவமுமாக எழுந்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் திறக்கப்பட்ட அந்தச் சிலை, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழித்து வந்த ஆழிப்பேரலையையும் தாங்கி நின்றது. செய்யப்படும் பொருளிடமிருந்தே அளவைப் பெறு என்ற ஒடியோலையின் பாடத்தைத்தான், முன்மாதிரியே இல்லாத இடத்தில் அவர் பிரயோகம் செய்தார். மரபின் எழுத்தை மட்டும் கற்றவன் அங்கே திகைத்திருப்பான். அதன் உள்ளுணர்வைக் கற்றவருக்கு வழி தோன்றியது.

இவ்வளவு சொன்ன பிறகும், உருவமே வேண்டாம், ஒளியே போதும் என்பவர் நம்மிடையே உண்டு. அவர்களில் மிகப் பெரியவர் வள்ளலார். ஆனால் 1872-இல் வடலூரில் ஜோதி வழிபாட்டுக்கென்று அவர் அமைத்த சத்திய ஞான சபை எண்கோண வடிவம் கொண்டது. ஒளியை மறைக்கும் திரைகள் ஏழு. உருவத்தைக் கடந்து செல்ல விரும்பியவரும் கோணத்தையும் எண்ணையும் துணைகொண்டே பிறரை அங்கே அழைத்துச் சென்றார். அருவத்தை நோக்கிப் போகும் பாதைக்கும் அமைப்பு வேண்டியிருக்கிறது என்பதையே இது காட்டுகிறது. இறைவனுக்கு அளவு தேவையில்லை. அவனை நாடிச் செல்கிற நமக்கு அது தேவை.

இந்த விசாரம் வெறும் தத்துவத்தோடு முடிந்துவிடுவதில்லை. தாம்பரத்தைச் சூழ்ந்த ஊர்களில் வயலும் ஏரிக்கரையும் வீடுகளாகிவிட்ட இந்நாளில், தெருவுக்கொரு புதிய கோயில் எழுகிறது. பழைய கோயில்களில் திருப்பணிகள் நடக்கின்றன. அன்போடு பொருள் தரும் பெருமக்கள் ஸ்தபதியிடம் முதலில் கேட்பது, சுற்றுவட்டாரத்திலேயே உயரமானதாக இருக்குமா, எத்தனை மாதத்தில் முடியும் என்பதே. உயரத்தைக் கேட்பதைக் காட்டிலும் தாளத்தைக் கேட்பது நல்லது. நாளைக் குறுக்குவதைக் காட்டிலும் ஸ்தபதிக்குத் தியானத்துக்கான அவகாசம் தருவது நல்லது. திருப்பணிக் கல்வெட்டில் உபயதாரர் வரிசைக்கு மேல், செய்த கைகளின் பெயரைப் பொறிப்பது நியாயம். சனிக்கிழமை எள் தீபத்தோடு வந்து நிற்கும் தாய்க்குத் தாளமானம் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. அவள் காண்பது தன் துயரைக் கேட்கிற ஒரு முகத்தை. அளவு அவள் கண்ணில் படாமல் முகம் மட்டும் படும்படி அமைந்திருப்பதே அந்த அளவின் வெற்றி.

கட்டடக் கலையோ சிற்பமோ வேறு எந்த வடிவமைப்போ பயிலும் இளைஞர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. தெய்வத்துக்குச் செய்தாலும் மனிதனுக்குச் செய்தாலும், கல்வியின் தொடக்கத்தில் நாம் எல்லோரும் நம் ரசனையாலும் நம் ஆசையாலுமே பொருள்களை அளக்கிறோம். அந்த அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு, வீடானால் அதில் வாழப்போகிறவனிடமிருந்தும், நினைவுச் சின்னமானால் நினைக்கப்படுகிறவனின் வாக்கிலிருந்தும், திருமேனியானால் அந்தத் திருமேனியிடமிருந்தும் அளவைக் கேட்டுப் பெறக் கற்றுக்கொள்ளும் நாளில்தான் கல்வி நிறைவெய்துகிறது. அந்த நாளில் ஒருவன் செய்கிற தொழிலும் அவன் செய்கிற வழிபாடும் வேறு வேறாக இரா.